மாட்டுக்குப் பல் இல்லையா

செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? அறுவடை எந்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இடுப்பும் இரும்பாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வேலை முடிந்ததும் வெந்நீர் ஊற்று. இங்கே என் மூட்டு ஒன்றுதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. மற்றபடி எல்லாரும் சுகம்.

போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் கேட்டதற்குப் பதில் எழுதியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது அதற்குத்தான்.

நீ போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வயல்காரரின் மக்காச்சோளம் நின்றபடியே நனைந்து சாய்ந்து கிடக்கிறது. நம்முடையது தட்டையும் கதிருமாக வெட்டுப்பட்டு, குழிக்குள் அமுங்கி, தார்ப்பாய் போர்த்தி, மேலே பழைய டயர் நூற்றிருபது சுமந்துகொண்டு புளித்துக்கொண்டிருக்கிறது. இனி ஒரு வருஷத்துக்குப் பதினாலு மாட்டுக்கும் இந்த சைலேஜ்தான் சோறு.

"ஒரே நாள்ல எப்படிம்மா முடிச்சீங்க?" என்று அவர் வேலி ஓரம் நின்று கேட்டார். "என் தம்பி எந்திரம், மத்தவங்களது மாதிரி மூச்சு வாங்காது" என்றேன். மனுஷன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மருமகள் நாள் முழுக்கக் குழிமேல் டிராக்டரை ஓட்டி அமுக்கினாள். அதில் குறை சொல்ல முடியாது. பேத்தி வாலு, "எந்திரத் தாத்தா எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள்.

நீ கிளம்பும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் அடுத்த பண்ணையிலிருந்து ஆள் வந்துவிட்டது. என்ன அது? எழுது.

அக்கா

—

அக்டோபர் 9

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உங்கள் மூட்டுக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தடவுகிறீர்களா, அல்லது அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா?

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரு வயலில் இரும்புத் துண்டு உள்ளே போய் இரண்டு கத்தி போயிற்று. பட்டறைக்கு மேல் அறையில் தங்கியிருக்கிறேன். கீழே சுத்தியல் நின்றால்தான் எனக்குத் தூக்கம்.

குழியை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். ஆறு வாரம் என்பார்கள். நீங்கள் பத்து வாரம் விடுங்கள். இன்னும் கூட விடலாம். நாள் ஆக ஆகச் சோள மணி ஊறி இளகும். போன வருஷத்து மிச்சத்தை இழுத்துப் பிடியுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுமில்லை. மறந்தும் விட்டது.

தம்பி

—

நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் தடவுகிறேன். அந்த வாசனைக்கே மாடுகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பத்து வாரம் விடச் சொன்னாய். பழைய குழியை வழித்தாகிவிட்டதால் எட்டாவது வாரமே திறந்துவிட்டேன். பூஞ்சை இல்லை, சூடு இல்லை. பழம் புளித்த மாதிரி வாசனை. கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் ஒட்டுகிறதே தவிர சொட்டவில்லை. மாடுகள் தொட்டியை நக்கித் துடைத்து வைக்கின்றன. ஆனால் தினம் ஆறு கேன் பால் போன இடத்தில் இப்போது நாலரைதான் போகிறது. தின்பதில் குறையில்லை. கறப்பதில் குறை. மாட்டு டாக்டர் வந்து காதைத் தொட்டார், மடியை அழுத்தினார், நோய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நம் மேஸ்திரி கூட இளைத்துவிட்டது. தெரியுமே, முன்னால் நின்று மற்ற மாடுகளை மேய்க்கிற அந்தக் கறுப்பு மாடு.

எனக்கு என்னவோ மருமகள் கைமேல்தான் சந்தேகம். தீவனம் போடுவது அவள். தராசு வைத்து நிறுத்துப் போடுகிறாள், நோட்டில் எழுதுகிறாள். நான் முப்பது வருஷம் கைப்பிடி அளவில் போட்டேன், எந்த மாடாவது வந்து நியாயம் கேட்டதா?

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அக்கா

—

டிசம்பர் 8

அக்காவுக்கு,

வணக்கம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். எந்த வேளை என்று கேட்காதீர்கள்.

பால் குறைந்தது கேட்டு வருத்தம். சாணியைப் பார்த்தீர்களா? ஒரு கை அள்ளிச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். என்ன தங்குகிறது என்று எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் சாலையிலேயே அடுத்த பருவத்துக்கு ஏழு பண்ணைக்காரர்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். யாராவது என் எந்திரத்தைப் பற்றிக் கேட்டால் நல்லவிதமாகச் சொல்லுங்கள். ஒருத்தர் வாயில் கெட்ட பேர் விழுந்தால் ஏழும் போய்விடும்.

தம்பி

—

ஜனவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

பனிக்கு எனக்குச் சளி. வாலுவுக்கும் சளி. இரண்டு பேரும் ஒரே போர்வையில் தும்முகிறோம். நீ காதுக்குத் துணி கட்டிக்கொள்.

உன் பேரைக் காப்பாற்றிவிட்டேன். பால் நிலையத்தில் அளவைக்காரரின் வாய் உனக்குத் தெரியும், ஒலிபெருக்கி வேண்டாம். பத்தொன்பது பேர் கேனோடு வரிசையில் நிற்கிறார்கள். "என்னம்மா, ஒன்றரை கேன் எங்க போச்சு? தம்பி எந்திரத்துல ஒரே நாள்ல வெட்டின தீனின்னு பெருமையாச் சொன்னீங்க, அதுலதான் கோளாறா?" என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எந்திரத்துல கோளாறு இல்லீங்க. வீட்டுக்கு வந்தவ கையில கோளாறு. அவ கை பட்டாப் பால் மடியேறிடுது" என்றேன். வரிசையே சிரித்தது.

மருமகள் எனக்குப் பின்னால்தான் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கேனைக் கழுவினாள், கவிழ்த்தாள், தராசையும் நோட்டையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே நீங்களே போடுங்க அத்தை" என்றாள். சரி என்று நானே கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். மாவுத்தீவனத்தைக் கூட்டிப் போட்டால் பால் தானாக இறங்கும் பார்.

உன் ஏழு பண்ணையும் பத்திரம்.

அக்கா

—

ஜனவரி 10

மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் மருமகள் எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாலுவுக்குச் சளி குறைந்துவிட்டது. உங்கள் விலாசத்தை அத்தையின் கடித உறையிலிருந்து எடுத்தேன். அவர்களுக்குத் தெரியாது.

குழி திறந்த முதல் வாரமே எனக்குச் சந்தேகம். இரண்டு கை சாணியைச் சல்லடையில் போட்டு அலசினேன். உடையாத மணி பதினேழு கிடைத்தது. உள்ளே போனது போலவே மஞ்சளாக, முழுசாக. குழியிலிருந்து ஒரு செம்பு சைலேஜை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டேன். தட்டை மிதந்தது, மணியெல்லாம் அடியில் முழுசு முழுசாக உட்கார்ந்தது. மணிக்குள் இருக்கிற மாவு மாட்டுக்குச் சேரவே இல்லை. வயிறு நிறைகிறது, பால் எங்கிருந்து வரும்? அந்தப் பதினேழையும் கையில் வைத்து அத்தையிடம் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்கள். "சாணியைக் கிளறுற நேரத்துல மாட்டைத் தடவிக் குடுத்தாலாவது கறக்கும்" என்றார்கள்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சோளம் வெட்டிய அன்று நீங்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தீர்கள். "அக்கா, மணி நசுக்குற உருளை ரெண்டையும் நெருக்கி வெச்சா வேகம் வராது, மழைக்கு முன்ன முடியாது. விலக்கிட்டா இன்னைக்கே முடிச்சிடலாம், ஆனா மணி முழுசாப் போகும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டீர்கள். அத்தை, "முழுசாப் போனா என்ன, மாட்டுக்குப் பல்லு இல்லையா? விலக்குடா, நாலு பேர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. குழிமேல் டிராக்டரில் இருந்த எனக்குக் கேட்டது.

நடந்தது நடந்துவிட்டது. குழியில் போனதை இனி எடுத்து அரைக்க முடியாது. ஆனால் இதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் வழி இருக்கிறது. உடைத்த சோளத்தை அளவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பாதிப் பாலாவது திரும்பும். இப்போது அத்தை மாவுத்தீவனத்தை அளவில்லாமல் கொட்டுகிறார்கள். மாட்டுக்கு ஆகாது. நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பால் லாரியோடு வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், வந்தால் அம்மா சொல்வதுதான் அவருக்கு வேதம்.

நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், மாமா. உருளையை விலக்கினேன் என்று ஒரே வரி.

—

ஜனவரி 31

மருமகளுக்கு,

நலம். குழந்தையைக் குளிரில் விடாதே.

உன் கடிதம் கிடைத்தது. அக்கா என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர்கள். இந்த வயதில் அவர்களுக்குக் கணக்கு வாத்தியாராக என்னால் நிற்க முடியாது. பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் காதில் வாங்கிக் காற்றில் விட வேண்டும். குழி தீரும்வரை பொறுத்துக்கொள். அடுத்த பருவத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

மாமா

—

பிப்ரவரி 25

தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி அப்புறம் கேட்கிறேன்.

மேஸ்திரியை அடிமாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். நான் மாவுத்தீவனத்தை இரண்டு பங்காக்கியதும் ஒரு வாரம் பால் ஏறத்தான் ஏறியது. பார்த்தாயா என்று வரிசையில் சொல்லிக்கொண்டும் வந்தேன். அப்புறம் மாடுகள் ஒவ்வொன்றாகத் தீனியை முகர்ந்துவிட்டு நகர ஆரம்பித்தன. மேஸ்திரிக்கு வயிறு புளித்து, குளம்பு வீங்கி, எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "யார் இவ்வளவு மாவு போட்டது?" என்றார். நான் மகனைப் பார்த்தேன். மகன் மருமகளைப் பார்த்தான்.

"அத்தை, சொல்லுங்க" என்றாள்.

மூட்டு வலிக்கிறது என்று நான் உள்ளே போய்விட்டேன். மூட்டு வலித்ததும் உண்மைதான்.

மறுநாள் வாலுவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். முன்னூறு மாடு இருக்கிற பெரிய பண்ணையில் அவளுக்கு வேலையாம், தீவனம் கலக்கிற இடத்தில். மகனுடைய லாரியும் இப்போது அங்கேதான் நிற்கிறது. அவள் அலமாரியில் உன் கடிதம் கிடந்தது, மறந்து வைத்தாளோ, வேண்டுமென்று வைத்தாளோ. "கணக்கு வாத்தியார்" என்று எழுதியிருக்கிறாய். அவள் உனக்கு என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

அக்கா

—

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

சொல்ல வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் சொல்லாமல் இருந்து பார்த்தேன்.

உங்களைக் கேட்டுத்தான் விலக்கினேன் என்பது பாதி உண்மை. என் உருளைப் பற்கள் அதற்கு முந்தின பருவத்திலேயே தேய்ந்துபோய்விட்டன. நெருக்கி வைத்திருந்தாலும் முக்கால்வாசி மணி முழுசாகத்தான் போயிருக்கும். அது தெரிந்துதான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் என் அக்கா பொறு என்று சொல்ல மாட்டார்கள்.

சாணியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று. நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம், அந்தப் பெண் தலையில் விடிந்தது.

புது உருளை மாட்டிவிட்டேன். அடுத்த பருவத்துக்கு உங்கள் வயலுக்குத்தான் முதலில் வருகிறேன், நீங்கள் வரச் சொன்னால்.

தைலம் தீர்ந்திருக்கும். ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன்.

தம்பி

—

செப்டம்பர் 20

மருமகளுக்கு அத்தை எழுதுவது.

நீயும் என் மகனும் வாலுவும் சுகமாக இருக்கிறீர்களா? அவளுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதாக லாரிக்காரர் ஒருவர் சொன்னார். யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

சோளம் வெட்டியாகிவிட்டது. முடிக்க மூன்று நாள் ஆயிற்று. தம்பியிடம் உருளைக்கு நடுவே நகக் கனம்தான் இடம் விடச் சொன்னேன். வண்டிக்கு வண்டி ஒரு செம்பு அள்ளி, நீ செய்கிற மாதிரி வாளியில் போட்டுப் பார்த்தேன். ஒன்றோ இரண்டோதான் முழுசு. இரண்டைத் தாண்டினால் எந்திரத்தை நிறுத்த வைத்தேன். இரண்டாம் நாள் தூறல் விழுந்தது. "என்னம்மா, இந்த வருஷம் எந்திரம் மூச்சு வாங்குதே" என்றார் பக்கத்து வயல்காரர். வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழிமேல் டிராக்டர் ஓட்டக் கூலிக்கு ஆள் வைத்தேன். ஓரமெல்லாம் சரியாக அமுங்கவில்லை. நீ ஓட்டியிருந்தால் அமுங்கியிருக்கும்.

உன் தராசு அதே ஆணியில் தொங்குகிறது. நோட்டும் அங்கேயே இருக்கிறது. குழி திறக்கிற அன்றைக்கு நீ வந்து நின்றால் நன்றாக இருக்கும். இந்த வீட்டில் உங்கள் அறை பூட்டியே கிடக்கிறது.

அத்தை

—

அக்டோபர் 15

அத்தைக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் மூட்டு வலியைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். வாலுவுக்கு முன்பல் இரண்டு. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

இங்கே முன்னூறு மாட்டுக்கு நான்தான் தீவனம் கலக்கிறேன். தினமும் காலையில் என் முதல் வேலை சாணியை அலசுவது. யாரும் சிரிப்பதில்லை. அலசியதில் என்ன இருந்தது என்று முதலாளி வந்து கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. அதை எனக்கு எழுதவும் வேண்டாம், வீட்டுக்குள் சொல்லவும் வேண்டாம். பால் நிலையத்தில், அதே வரிசையில், அளவைக்காரர் காதில் விழும்படி சொல்லுங்கள். "என் மருமக கையில கோளாறு இல்ல." இவ்வளவுதான். சொன்ன அன்றைக்கே வந்துவிடுகிறேன்.

அன்று நீங்கள் தட்டிவிட்டதும் பதினேழையும் பொறுக்கி எடுத்துத் தாளில் மடித்து வைத்தேன். அதில் மூன்றை இதோடு வைத்திருக்கிறேன். காய்ந்தும் உடையவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

—

டிசம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறேன்.

பத்து வாரம் முழுசாக விட்டுத்தான் குழியைத் திறந்தேன். பால் ஏற ஆரம்பித்துவிட்டது. ஐந்து, ஐந்தரை, நேற்று ஆறு கேன் நிரம்பி மூடி வழிந்தது. சாணியை நானே அலசிப் பார்த்தேன். சல்லடையில் ஒன்றும் தங்கவில்லை.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அவள் அனுப்பிய மூன்று மணியையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். வழியெல்லாம் அந்த வாசகத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஐந்து வார்த்தைதான். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு அது பெரிய பாடமில்லை. வரிசையில் அதே ஆட்கள். என் முறை வந்தது. அளவைக்காரர் கேனைத் திறந்து பார்த்தார். கோலை விட்டு எடுத்தார். பிறகு அந்தக் குரலில், எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? அன்னைக்கே அம்மா சொன்னாங்க, வீட்டுக்கு வந்தவ கையில கோளாறுன்னு. கை மாறுச்சு, பால் ஏறுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பக்கத்து வயல்காரர் தலையாட்டினார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள், "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது, தம்பி. சத்தியமாக வந்துவிட்டது.

நான் சிரித்தேன். "கேனைச் சீக்கிரம் ஊத்துங்க, வெயில் ஏறுது" என்றேன்.

முடிச்சை வீட்டுக்கு வந்துதான் அவிழ்த்தேன். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தேன். எனக்கு இருக்கிற பல்லுக்கு அது உடையவில்லை. துப்பவும் மனம் வரவில்லை.

அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று சொல். நீயும் சொல்ல மாட்டாய், உன் ஏழு பண்ணையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

குளிர் அதிகம். காதுக்குத் துணி கட்டிக்கொள்.

அக்கா